பிரிட்டன் அருங்காட்சியகங்களின் காப்பறைப் பொருள்களை நேரில் பார்ப்பது எப்படி? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் குறைந்தது 80 லட்சம் பொருள்கள் இருக்கின்றன. அவற்றில் ஏறத்தாழ 80,000 மட்டுமே கூடங்களில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. அதாவது நூற்றுக்கு ஒன்று. மற்றவை அலமாரிகளிலும் பெட்டிகளிலும் இருக்கின்றன. அவை பேராசிரியர்களுக்கும் முனைவர் பட்ட மாணவர்களுக்கும் மட்டுமே உரியவை என்று, படிப்புக்கோ வேலைக்கோ இங்கே வந்திருக்கும் நம்மவர்களில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அந்த எண்ணம் சரியன்று. பிரிட்டனின் பெரிய பொது அருங்காட்சியகங்கள் பலவற்றில், முறையாகக் கேட்கும் எவருக்கும் காப்பறையிலிருந்து பொருளை எடுத்து மேசைமேல் வைத்துக் காட்டுகிறார்கள். பெரும்பாலும் அதற்குக் கட்டணமும் இல்லை. ஆனால் அந்த முறை இன்னது என்று ஒரே இடத்தில் எழுதிவைக்கப்படவில்லை. நிறுவனத்துக்கு நிறுவனம், சில இடங்களில் துறைக்குத் துறைகூட, அது மாறுகிறது. தட்டுத்தடுமாறித் தெரிந்துகொண்டவற்றை, அடுத்து வருபவர்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்பதற்காக இங்கே வரிசைப்படுத்துகிறேன்.

1. என்ன பார்க்கவேண்டும் என்பதை முதலில் தீர்மானியுங்கள்

"உங்களிடம் உள்ள பழைய ஓவியங்களைப் பார்க்க விரும்புகிறேன்" என்று எழுதினால், பணிவான மறுப்பு வரும் அல்லது பதிலே வராது. எத்தனை பொருள்கள், எவை, எதற்காக என்ற மூன்றுக்கும் விடை வைத்துக்கொண்டு தொடங்குங்கள். காரணம் பெரிதாக இருக்கவேண்டும் என்ற கட்டாயமில்லை. நீர்வண்ணம் பழகுகிறேன், ஆங்கில ஓவியர் டர்னர் வெள்ளை நிறத்தை எப்படிக் கொண்டுவந்தார் என்று தாளிலேயே பார்க்கவேண்டும் என்பது முற்றிலும் ஏற்கத்தக்க காரணம்.

முதல் முறைக்குத் தாளில் செய்யப்பட்ட படைப்புகளையே பரிந்துரைப்பேன். நீர்வண்ண ஓவியங்கள், வரைபடங்கள் (கையால் வரைந்த கோட்டோவியங்கள்), அச்சுப்படங்கள் ஆகியவை ஒளியில் மங்குபவை. அவற்றைக் காட்சிக்கு வைக்கும்போது 50 லக்ஸ் அளவுள்ள மங்கிய ஒளியில், அதுவும் சில மாதங்களுக்கு மட்டுமே வைப்பது வழக்கம். எடின்பரோவிலுள்ள ஸ்காட்லாந்து தேசிய ஓவியக்கூடம், ஓவியச் சேகரிப்பாளர் ஹென்றி வான் 1900இல் விட்டுச்சென்ற டர்னர் நீர்வண்ணங்களை, அவருடைய உயிலின்படி, ஒளி மிகக் குறைந்த ஜனவரி மாதத்தில்தான் ஆண்டுதோறும் காட்டுகிறது. இப்படிப் பொதுக்கூடத்தில் அரிதாகவே வெளிவரும் படைப்புகளுக்காகவே, கேட்டவற்றை எடுத்துவந்து காட்டும் ஆய்வறைகள் நடத்தப்படுகின்றன என்பதால், இவற்றைக் கேட்டுப்பெறும் வழியும் நன்கு பழகிய வழியாக இருக்கிறது.

2. பொருள் எண்ணைக் கண்டுபிடியுங்கள்

எல்லாப் படிகளிலும் இதுவே முக்கியமானது; இதற்கு ஒரு மாலை முழுவதும் செலவானாலும் தகும். அருங்காட்சியக ஊழியருக்கு உங்கள் பொருளின் பெயரோ அழகோ பயன்படாது, எண்தான் பயன்படும். அந்த எண்ணைக் கொண்டுதான் அது எந்தக் கட்டடத்தில், எந்த அலமாரியில், எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று அவர் பார்ப்பார்.

ஒவ்வொரு நிறுவனத்தின் இணையப் பட்டியலிலும் பொருளின் பக்கத்தில் இந்த எண் இருக்கும். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பெரும்பாலான எண்கள் 1895,0915 என்பதுபோல் தொடங்கும். பொருள் பதிவான ஆண்டு, மாதம், நாள் ஆகியவை அவை. அதன்பின் ஒரு புள்ளியும் வரிசை எண்ணும் வரும். காற்புள்ளியையோ சுழியத்தையோ விட்டுவிட்டால் வேறொரு பொருள் வந்துசேரலாம். விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் எண்ணோடு எழுத்துகளும் சேர்ந்துவரும். திப்புவின் புலி பொம்மைக்கு 2545 (ஐ.எஸ்.) என்பது எண், அடைப்புக்குறிக்குள் இருப்பது இந்தியப் பிரிவைக் குறிக்கிறது. டேட் ஓவியக்கூட நிறுவனத்தில் டர்னரின் தாள்களுக்கு இரண்டு எண்கள் உண்டு: ‘டி’ எழுத்தில் தொடங்கும் பதிவு எண் ஒன்று, 1909இல் வெளியான பட்டியலைச் சார்ந்த ரோமன் எண் மற்றொன்று. கோரிக்கையில் இரண்டையும் எழுதிவிடுங்கள்.

எண்ணைக் குறித்துக்கொள்ளும்போதே அதே பக்கத்தில் இன்னும் மூன்றைப் பாருங்கள். பொருள் இப்போது காட்சியில் இருக்கிறதா? இருந்தால் அதை எடுத்துக் காட்டமாட்டார்கள். வேறு நிறுவனத்துக்குக் கடனாகப் போயிருக்கிறதா? எந்தக் கட்டடத்தில் இருக்கிறது? இந்த மூன்றாவது கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். லண்டனின் பிளைத் ஹவுஸ் என்ற கட்டடத்தில் மூன்று பெரிய அருங்காட்சியகங்கள் வைத்திருந்த பொருள்கள் அண்மைய ஆண்டுகளில் வெவ்வேறு ஊர்களுக்கு இடம்பெயர்ந்துவிட்டன. ஆகவே பழைய கட்டுரைகளிலும் வலைப்பதிவுகளிலும் உள்ள முகவரியை நம்பிப் பயணச்சீட்டு வாங்காதீர்கள்.

தமிழகத்தோடு தொடர்புடைய பொருள்களைத் தேடுபவர்களுக்கு ஒரு சொல்: பட்டியல்களில் ஊர்ப்பெயர்கள் காலனிக்கால எழுத்துக்கூட்டலில்தான் பெரும்பாலும் இருக்கின்றன. தஞ்சாவூர் என்று தேடிக் கிடைக்காதது டான்ஜோர் என்று தேடினால் கிடைக்கும். திருச்சிக்கு ட்ரிச்சினோபொலி, திருநெல்வேலிக்கு டின்னவெல்லி. சோழமண்டலக் கரையில் நெய்து, கையால் வண்ணம் எழுதி ஏற்றுமதியான துணிகளுக்கு ஊர்ப்பெயரே இல்லாமல் கோரமண்டல் என்று மட்டும் குறிப்பிட்டிருப்பதும் உண்டு.

3. எந்த நிறுவனத்துக்கு எந்த வழி

புதியவருக்கு மிக எளிய வாசல், 2025 மே 31 அன்று கிழக்கு லண்டனில் திறக்கப்பட்ட விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் காப்புக்கூடம், அதாவது ‘வி அண்ட் ஏ ஈஸ்ட் ஸ்டோர்ஹவுஸ்’. அங்கே இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் உள்ளன. ‘ஆர்டர் அன் ஆப்ஜெக்ட்’ என்ற சேவையின்வழி, ஒரு வருகைக்கு ஐந்து பொருள்கள்வரை இணையத்திலேயே தேர்ந்தெடுத்து நாள் குறிக்கலாம். குறைந்தது இரண்டு வாரம் முன்னதாகச் செய்யவேண்டும். கட்டணம் இல்லை, பரிந்துரைக் கடிதம் இல்லை, ஆராய்ச்சியாளராக இருக்கவேண்டிய தேவையும் இல்லை. திறந்த தொடக்க மாதங்களில் மக்கள் மிக அதிகமாகக் கேட்டது, 1954இல் ஆடை வடிவமைப்பாளர் பலென்சியாகா தைத்த இளஞ்சிவப்புப் பட்டு மாலையுடை ஒன்றைத்தானாம். அருகிலுள்ள ரயில் நிலையம் ஹாக்னி விக்.

டர்னர் வேண்டுமானால் லண்டன் மில்பேங்கிலுள்ள டேட் பிரிட்டனின் அச்சுப்பட, வரைபட அறைக்குச் செல்லவேண்டும். ஓவியர் நாட்டுக்கு விட்டுச்சென்ற தொகுதியில் 30,000க்கும் மேற்பட்ட தாள்கள் அங்கே இருக்கின்றன. ஏறக்குறைய முந்நூறு குறிப்பேடுகளும் இதில் அடக்கம். முன்பதிவு செய்தே செல்லவேண்டும். அத்தொகுதியில் பெரும்பாலானவை முடிவுறாத ஆயத்தத் தாள்கள் என்பதை நினைவில் வையுங்கள். முடிக்கப்பட்டு விற்பனைக்குப்போன நீர்வண்ணங்களைப் பார்க்க, பிரிட்டிஷ் அருங்காட்சியகம் போன்ற பிற இடங்களின் பட்டியல்களைத் தேடவேண்டும்.

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் அச்சுப்பட, வரைபடத் துறையில் 50,000க்கும் மேற்பட்ட வரைபடங்களும் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட அச்சுப்படங்களும் உள்ளன. இதற்குத் தனி ஆய்வறை உண்டு. துறைக்கே மின்னஞ்சல் எழுதி நாள் வாங்கவேண்டும். அதே அருங்காட்சியகத்தின் ஆசியத் துறைக்கு வேறு முகவரி, வேறு நடைமுறை. லண்டனுக்கு வெளியே ஆக்ஸ்போர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் ஓர் அச்சுப்பட அறை இருக்கிறது. இத்தாலிய ஓவியர் ரஃபேலின் வரைபடங்களில் உலகின் மிகப் பெரிய தொகுப்பு அங்கேதான். கூட்டம் குறைவு என்பதால் எனக்கு அந்த அறையே முதலில் நினைவுக்கு வரும்.

அறிவியல் பொருள்கள் வேண்டுமென்றால், ஸ்விண்டன் அருகே ரௌட்டன் என்ற ஊரில், பழைய விமானத்தளம் ஒன்றில் அறிவியல் அருங்காட்சியகக் குழுமத்தின் தேசியக் காப்பு மையம் இருக்கிறது. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் அங்கே உள்ளன. வழிகாட்டியோடு சுற்றிப்பார்க்கும் பயணங்களுக்கு முன்பதிவும் கட்டணமும் உண்டு.

இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைப் பொறுத்தவரை வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது. அங்குள்ள எட்டுக் கோடி மாதிரிகளை எடுத்துப் பார்க்கும் வசதி, ஆராய்ச்சி நோக்கத்தோடு வருபவர்களுக்காகவே அமைந்தது. மேலும், பெருந்தொகுதி ஒன்றை ரெடிங் நகரருகே கட்டப்படும் புதிய மையத்துக்கு மாற்றும் பணி நடப்பதால், அறிவியலாளர்களுக்கே பல தொகுப்புகள் கிடைப்பதில்லை. ஆர்வத்துக்காகப் பார்க்க விரும்புபவர்கள் அதன் இணையத் தரவுத்தளத்தோடு நிறுத்திக்கொள்வது நேரத்தை மிச்சப்படுத்தும்.

4. கோரிக்கையை எழுதும் முறை

இணையப் படிவம் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் ஆங்கிலத்தில் ஐந்தாறு வரி மின்னஞ்சல் போதும். முதல் வரியில் நீங்கள் யார் என்பதும், இரண்டாவதில் எதற்காகப் பார்க்கவேண்டும் என்பதும் இருக்கட்டும். பிறகு பொருள் எண்களின் பட்டியல், உங்களுக்கு ஒத்துவரும் மூன்று நாள்கள், உடன் வருபவர்களின் எண்ணிக்கை ஆகியவற்றைத் தாருங்கள். சக்கர நாற்காலி, உருப்பெருக்கி போன்ற தேவைகள் இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள்.

பொருளின் பின்புறத்தைப் பார்க்கவேண்டுமா என்பதையும் இங்கேயே எழுதவேண்டும். இது சிறு செய்தியாகத் தோன்றலாம். ஆங்கில ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1821, 1822ஆம் ஆண்டுகளில் லண்டனின் ஹாம்ஸ்டெட் குன்றிலிருந்து வானத்தைப் பார்த்து மேகங்களைத் தாளில் எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். அவற்றில் பலவற்றின் பின்புறத்தில் அன்றைய தேதி, மணி, காற்றின் திசை ஆகியவற்றைக் குறித்துவைத்தார். ஓவியமாக மட்டும் பார்த்தால் முன்பக்கம் போதும், வானிலைப் பதிவாகவும் பார்க்க விரும்பினால் பின்பக்கமும் வேண்டும். மரச்சட்டகத்துக்குள் பொருத்தப்பட்ட படைப்பை அன்றைக்கு அன்றே கழற்றிக் காட்ட எந்த ஊழியருக்கும் அதிகாரம் கிடையாது.

பொது விசாரணை முகவரிக்கு அனுப்புவதைத் தவிருங்கள். ஒரு நிறுவனத்தில் என் கடிதம் அந்தப் பொதுப்பெட்டியிலேயே நெடுநாள் கிடந்தது. நினைவூட்டலுக்கும் தானியங்கிப் பதிலே வந்தது. துறையின் முகவரிக்கு அதே கடிதத்தை அனுப்பியதும் காரியம் நடந்தது.

5. ஆவணங்கள்

அறைக்கு அறை விதி மாறும். உறுதிப்படுத்தும் மின்னஞ்சலில் எழுதியிருப்பதே இறுதி. ஆயினும், பெயரும் புகைப்படமும் உள்ள ஓர் அடையாளச் சான்றும், முகவரியைக் காட்டும் ஒரு சான்றும் கையிலிருந்தால் எங்கும் திரும்பிவர நேராது.

புதிதாக வந்தவர்களுக்கு இங்கே ஒரு சிக்கல் உண்டு. தங்கும் உரிமையைக் காட்ட முன்பு நம்மிடம் இருந்த பி.ஆர்.பி. அட்டைகள் 2024 இறுதியோடு வழக்கொழிந்து, இணையத்தில் மட்டுமே பார்க்கக்கூடிய இ-விசா வந்துவிட்டது. இ-விசாவைக் கைப்பேசியில் காட்டினால் வரவேற்பு மேசையில் இருப்பவர் அதை அடையாளச் சான்றாக ஏற்பார் என்று எதிர்பார்க்கவேண்டாம். கடவுச்சீட்டின் மூலப் பிரதியை எடுத்துச்செல்லுங்கள். அதில் பிரிட்டன் முகவரி இருக்காது என்பதால், அண்மைய வங்கி அறிக்கையையோ கவுன்சில் வரி (உள்ளாட்சி வரி) ரசீதையோ பல்கலைக்கழகம் தரும் முகவரிக் கடிதத்தையோ சேர்த்துக்கொள்ளுங்கள். கைப்பேசிக் கட்டண ரசீதைப் பல இடங்களில் ஏற்பதில்லை.

நீண்ட காலம் தங்கப்போகிறவர்கள் தற்காலிக ஓட்டுநர் உரிமம் (பழகுநருக்கான ‘ப்ரொவிஷனல்’ உரிமம்) ஒன்று வாங்கிவிடுவது நல்லது. கார் ஓட்டும் எண்ணமே இல்லாவிட்டாலும் பரவாயில்லை. புகைப்படம், முகவரி, கையெழுத்து மூன்றும் ஒரே அட்டையில் இருப்பதால் எங்கும் செல்லுபடியாகும். இணையத்தில் விண்ணப்பித்தால் 34 பவுண்டு, அஞ்சலில் 43 பவுண்டு. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் அதை அஞ்சலில் அனுப்ப நேரலாம். அது திரும்பிவர வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால், ஊருக்குப் போக விமானச்சீட்டு வாங்கிவைத்திருக்கும் சமயத்தில் இதைத் தொடங்காதீர்கள்.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ சுற்றுலாப் பயணியாக வருபவர்களுக்குச் சாதாரணப் பார்வையாளர் விசா வேண்டும். ஆறு மாத விசாவுக்கு 2025 ஏப்ரலில் 127 பவுண்டு என்று உயர்த்தினார்கள். மலேசிய, சிங்கப்பூர்க் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு மின்னணுப் பயண அனுமதி போதும். அதே மாதத்தில் அதன் கட்டணம் 16 பவுண்டு ஆனது. இவை அடிக்கடி மாறுவதால் விண்ணப்பிக்கும் நாளில் அரசின் இணையதளத்தில் சரிபாருங்கள். நாள் குறித்த மின்னஞ்சலை அச்செடுத்து விசா விண்ணப்பத்தில் பயணத் திட்டத்தோடு சேர்த்துவிடலாம்.

6. காலக்கணக்கு

விசா தேவைப்படுபவர்கள் முடிவுக்குப் பொதுவாக மூன்று வாரம் என்று கணக்கிடவேண்டும். அருங்காட்சியகத் துறைகளுக்கு எழுதிப் பதில் வந்து நாள் கிடைக்க ஒரு மாதமாவது ஒதுக்குங்கள். காப்பறை வேறு ஊரில் இருந்தால் இன்னும் கூடுதலாக.

டிசம்பர் 24 முதல் புத்தாண்டுவரை எதையும் எதிர்பார்க்கவேண்டாம். ஆகஸ்டில் ஊழியர்கள் விடுப்பில் இருப்பார்கள், பயணிகள் கூட்டமும் மிகுதி. பிப்ரவரி, மார்ச், நவம்பர் மாதங்களின் வார நடுப்பகுதியில் நாள் கிடைப்பது எளிது. அருங்காட்சியகம் வாரம் முழுதும் திறந்திருந்தாலும் அதன் ஆய்வறை சில நாள்களில் மட்டுமே திறக்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

7. செலவு

பார்ப்பதற்குச் செலவில்லை, போய்வருவதற்குத்தான் செலவு. லண்டன் பாதாள ரயிலில் வாரநாள்களில் காலை 6.30 முதல் 9.30 வரையும், மாலை 4 முதல் 7 வரையும் உச்சநேரக் கட்டணம். காலை 10.30க்குப் பிறகு நாள் கேட்டு, நான்கு மணிக்குமுன் திரும்பினால் இரண்டையும் தவிர்க்கலாம். ஆக்ஸ்போர்டு, ஸ்விண்டன் போன்ற ஊர்களுக்கு ரயில்சீட்டை முன்னதாக வாங்குங்கள். ஆனால் அருங்காட்சியகம் உறுதிப்படுத்திய பிறகுதான் வாங்கவேண்டும், ஏனெனில் மலிவான முன்பதிவுச் சீட்டுக்குப் பணம் திரும்பக் கிடைக்காது. 16 முதல் 25 வயதுக்குட்பட்டவர்களும் முழுநேர மாணவர்களும் ஆண்டுக்கு 35 பவுண்டு ரயில் அட்டை வாங்கினால் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும்.

8. அறைக்குள் நடப்பது

பையையும் மேலங்கியையும் குடையையும் வெளியே வைத்துவிடச் சொல்வார்கள். உள்ளே பென்சில், குறிப்பேடு, கைப்பேசி அல்லது மடிக்கணினி மட்டும். பேனாவுக்கு இடமில்லை. தண்ணீர்ப் புட்டிக்கும் இல்லை.

கையுறை கொண்டுபோகவேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். தாளைத் தொட அனுமதிக்கும் இடங்களில் பெரும்பாலும் கழுவி உலர்த்திய வெறும் கையையே விரும்புகிறார்கள், ஏனெனில் கையுறை போட்ட விரலுக்குத் தாளின் விளிம்பு தெரியாமல் கிழிந்துவிடக்கூடும். உலோகத்துக்கும் புகைப்படத்துக்கும் கையுறை தேவைப்படும். அதை அவர்களே தருவார்கள். கை கழுவியபின் களிம்பு பூசாதீர்கள். தாளைப் புரட்டவேண்டுமென்றால் ஊழியரைக் கேளுங்கள்.

வந்தவுடன் படம் எடுக்கத் தொடங்காமல் கொஞ்ச நேரம் வெறுமனே பாருங்கள். டர்னரின் முடிந்த நீர்வண்ணம் ஒன்று கிடைத்தால், கண்ணைத் தாளின் மட்டத்துக்குத் தாழ்த்திப் பக்கவாட்டிலிருந்து நோக்குங்கள். அருவியின் நுரையாகவும் அலையின் மினுக்கமாகவும் தெரிந்த வெள்ளைப் புள்ளிகள் பலவும், வண்ணம் காய்ந்தபின் மேல்தோலைக் கீறியெடுத்த இடங்கள் என்பது அப்போது புலப்படும். அங்கே தாளின் இழைகள் சிறு பிசிறுகளாக எழும்பி நிற்கும். இதற்காகவே அவர் கட்டைவிரல் நகத்தை நீளமாக வளர்த்திருந்தார் என்று சமகாலத்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அச்சுப் புத்தகத்திலோ திரையிலோ இந்தப் பிசிறு தெரியாது. கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்க்க விரும்பினால் அனுமதி கேட்டுச் செய்யுங்கள். சில அறைகளில் அவர்களிடமே அதற்கான விளக்கு இருக்கும்.

சோழமண்டலத் துணியைக் கேட்டவர்கள் நீல நிறப் பகுதிகளைக் கவனியுங்கள். அவுரிச் சாயம் ஏறக்கூடாத இடங்களை மெழுகு பூசி மறைத்துவிட்டுத் துணியை முக்கினார்கள். மெழுகு வெடித்த இடங்களில் சாயம் கசிந்து மயிரிழை போன்ற நீலக்கோடுகள் ஓடியிருக்கும். உருப்பெருக்கி இருந்தால் எண்ணிவிடலாம்.

நேரம் முடிய கால் மணி இருக்கும்போது ஊழியரிடம், இதோடு தொடர்புடைய வேறு பொருள்கள் உண்டா என்று கேட்டுப்பாருங்கள். இணையப் பட்டியலில் சரியாக விவரிக்கப்படாத பொருள்களின் எண்கள் இப்படித்தான் கிடைக்கும். அந்த எண்களை அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.

9. படம் எடுப்பதும் வெளியிடுவதும்

சொந்தப் பயன்பாட்டுக்கு, ஒளிவீச்சு (ஃபிளாஷ்) இல்லாமல் படம் எடுக்கப் பெரும்பாலான அறைகளில் அனுமதிக்கிறார்கள். சில இடங்களில் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். அதைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள், ஏனெனில் சமூக ஊடகத்தில் போடலாமா என்பதற்கான விடை அதில்தான் இருக்கும். ஓவியர் இறந்து 70 ஆண்டு ஆகாத படைப்புகளுக்குக் காப்புரிமை தொடர்கிறது. அருங்காட்சியகம் அனுமதித்தாலும் உரிமையாளரின் அனுமதி தனியாக வேண்டும்.

புத்தகத்திலோ இதழிலோ அச்சிடவேண்டுமானால் நீங்கள் எடுத்த படம் போதாது என்று பதிப்பாளர் சொல்லக்கூடும். பிரிட்டிஷ் அருங்காட்சியகம் தன் இணையப் படங்களை வணிகமல்லாத பயன்பாட்டுக்குக் கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொது உரிமத்தில் தருகிறது. விற்பனைக்கு வரும் நூலுக்கு அந்த உரிமம் பொருந்தாது. நிறுவனத்தின் படப்பிரிவுக்கு எழுதி, பிரதிகளின் எண்ணிக்கை, படத்தின் அளவு, உட்பக்கமா அட்டையா என்ற விவரங்களைத் தந்து விலை கேட்கவேண்டும். அட்டைக்குக் கட்டணம் அதிகம். நூல் அச்சுக்குப் போகும் வாரத்தில் இதைத் தொடங்காமல், படத்தைத் தேர்ந்தெடுத்த அன்றே பொருள் எண்ணோடு எழுதி அனுப்பிவிடுங்கள்.